மழையில் நனையாத காவல்காரன்

தமிழ் வகுப்பெடுக்கப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இந்த வாரமோ அடுத்த வாரமோ துணைப்பாடக் கதையைத் திறந்து, கரும்பலகையில் ‘பாத்திரப் படைப்பு’ என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு இழுப்பீர்கள். நானும் இழுத்தேன். இருபத்திரண்டு வருடம் இழுத்தேன். கோடு கோணாமல் வரவேண்டும் என்பதில் எனக்கு அத்தனை அக்கறை. கோட்டின் கீழே எவர் பெயர் வருகிறது, எவர் பெயர் விடுபடுகிறது என்பதில் அதில் பாதி அக்கறைகூட இல்லை. அந்த அக்கறையை எனக்கு ஊட்டியவள் ஒரு பதினான்கு வயதுப் பெண்.

ஐம்பது வயது திரும்பியதுமே விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவள் நான். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத கால்கள் எனக்கு. வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. பாடத்திட்டம், மதிப்பெண் பங்கீடு, குறிப்பேடு எழுதும் முறை இதெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்வார்கள். நான் ஒரே ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பத்தைந்து நிமிடம். அதற்குள் ஒரு மலை திறந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியின் ஓரத்தில், ஊர் முடிந்து பருத்திக்காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. நான் கடம்பூரிலிருந்து பாசஞ்சரில் வருவேன். ஜன்னலுக்கு வெளியே கரிசல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டுப் போயிருந்தன. மண் வாய் பிளந்து கிடந்தது. முதலில் விரல் நுழையும் வெடிப்பு, தை பிறந்ததும் கையே நுழையும் வெடிப்பு. வானம் மட்டும் துடைத்து வைத்த வெண்கலப் பானை மாதிரி பளபளத்தது. அந்த வறட்சியில்தான் ஒன்பதாம் வகுப்புக்கு மழையைப் பற்றிய ஒரு மாயக்கதையைத் துணைப்பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வருவது விளங்காது. ஒரு மந்திரவாதி ஒரு நாட்டின் மழையை எல்லாம் திருடி, ஒரு குடத்தில் அடைத்து, மலைக்குள் பூட்டிவைக்கிறான். இளவேல் என்ற பையனும் அவன் தங்கை அல்லியும் ஒரு கீரிப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதை மீட்கப் போகிறார்கள். மலைக்குள் மூன்று கதவுகள். கதவு திறக்கும் மந்திரத்தை இளவேலுக்கு ஒரு சாமியார் முன்பே சொல்லிக்கொடுத்துவிடுகிறார். மலைக்குள் தீவட்டி பிடித்து வழிகாட்ட, மந்திரவாதியிடம் முன்பு வேலை பார்த்த ஊமைக் காவல்காரன் ஒருவன் வருகிறான். மூன்றாவது கதவு மேலிருந்து கீழே இறங்குகிற கல்கதவு. அதை அவன் தோளில் தாங்கிக்கொள்ள, பிள்ளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறார்கள். கதவு இறங்கிவிடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் மழை கொட்டுகிறது. ராஜா இளவேலுக்கு மாலை போடுகிறார். சுபம்.

மூன்று வருடமாக நான் நடத்திய கதை. மையக்கருத்து: நன்மை தீமையை வெல்லும். முதன்மைப் பாத்திரம்: இளவேல். துணைப் பாத்திரம்: அல்லி. எதிர்ப் பாத்திரம்: மந்திரவாதி. கீரிப்பிள்ளைக்குக்கூட நான்கு வரி உண்டு. காவல்காரனுக்கு என் குறிப்பில் இடமே இல்லை. தேர்வில் கேட்க மாட்டார்களே.

பொங்கல் முடிந்த மறுவாரம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். பெரிய சார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். குள்ளமான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் துண்டுத்தாள்கள் பிதுங்கும்.

“டீச்சர், வியாழக்கிழமை ஆய்வுக்கு வாராவ. உங்க ஒம்பதாப்புக்குத்தான் வருவாவ, பாத்துக்கிடுங்க. துணைப்பாடமே எடுங்க. கதைன்னா பிள்ளையளும் தூங்காது, அவியளும் தூங்க மாட்டாவ.”

“சரி சார்.”

“வரும்போது கடம்பூர்ப் போளி கொஞ்சம் வாங்கிட்டு வந்திருங்க. போன தடவை நீங்க வாங்கிட்டு வந்த போளியிலதான் பாதி ரிப்போர்ட் நல்லா வந்துச்சு.”

சிரித்தோம். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “கை எல்லாம் சரியா இருக்கா?”

இந்தக் கை வித்தை உங்கள் காலத்திலும் இருக்கிறதா, தெரியாது. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் ஆசிரியர் கேள்வி கேட்டால் மொத்த வகுப்பும் கை தூக்கவேண்டும். விடை தெரிந்தவள் வலது கை, தெரியாதவள் இடது கை. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது கைகளின் காடு. ஆசிரியர் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். அவ்வளவுதான். முப்பத்தெட்டுப் பேரில் எட்டுப் பேரை நான் நிரந்தரமாக இடது கையில் வைத்திருந்தேன். “நீங்க எட்டு பேரும் என்ன கேட்டாலும் இடது கைதான்” என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் அவர்களுக்கு ஒரு பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. “ஏட்டி, பீச்சாங்கை கோஷ்டி, தள்ளி உக்காருங்கட்டி” என்பார்கள் முன்வரிசைப் பெண்கள். நான் அதட்டுவேன். அதட்டிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிடுவேன்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி முத்துக்கனி. வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிற பெண். விரல் நகங்களின் ஓரத்தில் காய்ந்த பசை வெள்ளையாக இருக்கும். அவளை நான் எப்படி இடது கையில் போட்டேன் என்று சொல்கிறேன். எல்லோரையும் அரைப் பக்கம் வாசிக்கச் சொன்னேன். அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, அந்தச் சொல் முழுவதுமாகத் தன் வாய்க்குள் வந்துசேரும் வரை காத்திருந்து, அடுத்த சொல்லுக்குப் போனாள். “தீவட்டியை... கீழே... வைத்தான்...” மணி அடிக்கப் போகிறது. இன்னும் பதினோரு பேர் பாக்கி. “போதும், உக்காரு” என்றேன்.

அந்தப் “போதும்” இன்னும் என் காதில் இருக்கிறது.

“சரியா இருக்கு சார். இடது கை எட்டு பேரு” என்றேன். “அந்த எட்டு பேரு பெயரையும் எழுதித் தாங்க டீச்சர்” என்றார் பெரிய சார். ஓர் அரைத்தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் சொன்னார்: “இந்த எட்டையும் பத்தாப்புக்கு அனுப்ப வேண்டாம். வருசக் கடைசில டி.சி. குடுத்து அனுப்பிருவோம். போன வருசம் பத்தாப்புல நாலு பேரு பெயிலாப் போனதுக்கு நம்ம பள்ளிச் செயலாளர் என்னைக் கடைத்தெருவுல நிப்பாட்டி வச்சுக் கேட்டாவ. இந்தத் தடவை நூத்துக்கு நூறு காட்டியாகணும்.”

அந்தப் பக்கத்தில் டி.சி. வாங்கிய பெண்ணுக்கு வேறு பள்ளி என்பது பேச்சுக்குத்தான். காலையில் தெருமுனைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும். முதல் நாள் ஏறும்போது கொஞ்சம் தயங்குவாள். இரண்டாம் நாள் இடம் பிடிக்க ஓடுவாள்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டது. “வாரேன் சார்” என்று கிளம்பிவிட்டேன். ரயில் ஏறி உட்கார்ந்த பிறகு, அந்த அரைத்தாளில் என் கையெழுத்து எவ்வளவு அழகாக விழுந்திருந்தது என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை. ஆய்வு அலுவலர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். வந்தவர் நாற்காலி வேண்டாமென்று கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துகொண்டார். பெரிய சார் வாசலில் நின்றார். பாடம் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. மந்திரவாதியின் குணம் என்ன? முப்பத்தெட்டுக் கைகள். அல்லியின் பங்கு என்ன? முப்பத்தெட்டுக் கைகள். இளவேலைப் பற்றிக் கேட்டதும் வகுப்புத் தலைவி கலா எழுந்து, “துணிவு, அறிவு, அன்பு ஆகிய மூன்று நற்பண்புகளும் ஒருங்கே அமையப்பெற்ற இளவேல்...” என்று மூச்சு விடாமல் சொன்னாள். என் குறிப்பு, என் அரைப்புள்ளி முதற்கொண்டு.

பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. “டீச்சர், நான் ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க சார்.”

“இந்தக் கதையில மந்திரம் எது?”

அவ்வளவுதான் கேள்வி. குறிப்பில் இல்லாத கேள்வி. பழகிய கைகள் அரைவாசி எழுந்து, நடுவில் தடுமாறி, மாறிக்கொண்டன. நான் முன்னால் நின்று பார்க்கிறேன். சோளக்காட்டில் காற்று திசை மாறியதும் தட்டை எல்லாம் ஒரே பக்கம் சாயுமே, அப்படி முப்பத்தேழு இடது கைகள். கலாவும் இடது கை.

ஒரே ஒரு வலது கை. முத்துக்கனி.

“நீங்களே ஒரு பிள்ளையை எழுப்புங்க டீச்சர்” என்றார் அவர்.

வாசலில் பெரிய சார் லேசாகத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. எனக்குள் ஒரே ஓட்டம். மறந்துபோய்த் தூக்கிவிட்டாளா? பதற்றத்தில் கை மாறிவிட்டதா? அரைப் பக்கம் வாசிக்கத் தெரியாதவள். எழுப்பினால் திக்கித் திணறி நிற்பாள், மொத்தமும் பாழாகும். நானே வகுத்த விதி, வலது கையைத்தான் எழுப்பவேண்டும் என்பது. அந்த விதியை முதன்முதலில் மீறியவள் நான்தான்.

“கலா” என்றேன்.

கலா எழுந்தாள். என்னைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். “தெரியாது டீச்சர்” என்றாள். அழுகை முட்டியது. “நான் இடது கைல்லா தூக்கியிருக்கேன்!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பெரிய சார் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆய்வு அலுவலர் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு, “வலது கை தூக்குன பிள்ளை யாரும்மா? எந்திரி” என்றார்.

முத்துக்கனி எழுந்தாள். பின்னாலிருந்து எவளோ, “ஏட்டி கனி, கையை எறக்கிட்டுப் பேசுட்டி” என்று கிசுகிசுத்தாள். அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

“மந்திரம் கதவைத் தொறக்கலை சார்.”

“பெறகு?”

“காவல்காரன் தள்ளுதான். அதுக்குப் பெறவுதான் இளவேல் மந்திரம் சொல்லுதான். மூணு கதவுலயும் அப்படித்தான்.”

“புத்தகத்துல அப்படிப் போட்டிருக்கா?”

“தள்ளுதான்னு போடலை சார். தீவட்டியைக் கீழ வைக்கான்னு போட்டிருக்கு.” புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். “எதுக்கு சார் கீழ வைக்கணும்? தள்ளணும்னா ரெண்டு கையும் வேணும்லா.”

அவர் கை நீட்டினார். அவள் தன் புத்தகத்தைக் கொடுத்தாள். பசை பட்டு விறைத்துப்போன புத்தகம், பக்கம் திருப்பினால் படபடவென்று சத்தம் போட்டது. அவர் தேடி எடுத்து உரக்க வாசித்தார். காவல்காரன் தீவட்டியைக் கீழே வைத்தான். கதவு அசைந்தது. இளவேல் மந்திரத்தைச் சொன்னான். கதவு திறந்தது. அடுத்த கதவுக்குப் போனார். தீவட்டியைக் கீழே வைத்தான். கதவு அசைந்தது. அப்புறம்தான் மந்திரம். மூன்றாவதிலும் அதே வரிசை.

நான் மேஜையிலிருந்த என் புத்தகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. மூன்று வருடம் நடத்தியவள், மனப்பாடமாகத் தெரிந்த வரிகள். தெரிந்த வரிகளுக்கு நடுவே ஒரு மனிதன் மூன்று முறை குனிந்து தீவட்டியை வைத்து நிமிர்ந்திருக்கிறான். நான் ஒரு முறைகூட அவனைப் பார்க்கவில்லை. எழுதியவர் அதை வேண்டுமென்றே ஒளித்துவைத்தாரா, அவர் பேனா அறியாமல் விழுந்ததா, யாருக்குத் தெரியும்? ஒளித்ததோ விழுந்ததோ, கண்டெடுக்க ஒருத்தி வந்திருந்தாள்.

“சரிம்மா. அப்போ கதை எதைப் பத்தினது?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே வெயிலில் பருத்திமார் காய்ந்து நின்றது.

“கடைசில மழை பெய்யுது சார். ராசா நனையுதாரு. இளவேல் நனையுதான். ஆடு மாடு, காடு கரை எல்லாம் நனையுதுன்னு போட்டிருக்கு. அவன் ஒருத்தன்தான் நனையலை.”

“எவன்?”

“காவல்காரன். அவன் மலைக்குள்ளல்லா நிக்கான். அந்த மழைக்காகத்தான் கதவைத் தாங்குனான். அவன் மேல ஒரு சொட்டு விழலை. தேடி யாரும் திரும்பிப் போவலை சார். கீரிப்பிள்ளைகூடப் போவலை.”

யாரும் சிரிக்கவில்லை.

நான் நிறையக் கவிதை படித்தவள். எழுதவும் செய்கிறவள். வரியைக் கேட்டு மயிர்க்கூச்செறிவது எனக்குப் புதிதில்லை. இது அப்படி இல்லை. ஓடு வேய்ந்த அந்த அறையின் கூரை சத்தமில்லாமல் எழுந்து எங்கேயோ போய்விட்ட மாதிரி இருந்தது. மழையே காணாத ஊரில், மழையில் நனையாத ஒருவனுக்காக ஒரு பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போகவே பயமாக இருந்தது, கோவில் கருவறை வாசலில் தயங்கி நிற்போமே, அந்த மாதிரி.

“இதை யாரும்மா சொல்லிக்குடுத்தா?”

“யாரும் சொல்லலை சார். எனக்கு வேகமா வாசிக்க வராது. ஒரு வரி முடிஞ்சாத்தான் அடுத்த வரிக்குப் போவ முடியும்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “டீச்சர், நீங்க வகுப்புல ஏதாவது கோடி காட்டியிருப்பீங்களோ?”

வாசலில் பெரிய சார் வேகவேகமாக, ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும். மொத்த அவமானமும் பெருமையாக மாறிவிடும். நீங்களும் ஒரு நாள் அந்த இடத்தில் நிற்பீர்கள், பிள்ளையின் வெளிச்சத்தில் ஓர் அகல் அளவு நம்முடையதாகச் சொல்லிக்கொள்ளலாமே என்று நாக்கு நீளும். என் நாக்கும் நீண்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லை சார். நான் இவளை இடது கையில வச்சிருந்தேன்.”

அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. “நானும் வாத்தியாரா இருந்தவன்தான் டீச்சர். எங்க பக்கம் விடை தெரிஞ்சாப் பேனா மூடியைக் கழத்தச் சொல்லுவோம்.” புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். மணி அடித்தது.

ஆய்வு முடிந்து அவர் போளியும் தின்றுவிட்டுப் போன பிறகு, பெரிய சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். திட்டுவார் என்றுதான் போனேன். அவர் மேஜை மேல் அந்த அரைத்தாள் கிடந்தது. பேனாவை எடுத்து முத்துக்கனியின் பெயரை அடித்தார்.

“ஒருத்தி தப்பிச்சா. போய்ச் சொல்லுங்க.”

ஓடினேன். அடிபம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். புதுத் தாவணி எடுத்துக்கொடுத்த மாதிரி அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“மத்த ஏழு பேரு டீச்சர்?”

டி.சி. விஷயம் வகுப்பு முழுக்கத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், நாம்தான் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

“அவங்களுக்கு என்ன செய்ய முடியும் கனி? நீ பதில் சொன்னே.”

“என்னட்ட கேட்டாக, சொன்னேன். அவளுவட்ட யாரு கேட்டா?” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் மட்டும் பத்தாப்புக்குப் போனா அவளுவ எங்கூடப் பேச மாட்டாளுவ டீச்சர்.”

பெரிய தத்துவமாக அவள் அதைச் சொல்லவில்லை. தோழிகள் பேச மாட்டார்கள் என்பது அவள் கவலை. எனக்குத்தான் கல்கதவு ஒன்று மெல்ல இறங்குகிற சத்தம் கேட்டது.

அன்று பாசஞ்சரை விட்டேன். பள்ளி விட்டதும் அந்த ஏழு பேரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்தேன். அதே கேள்வி. “இந்தக் கதையில உங்களுக்கு யாரு முக்கியம்? நோட்ஸை விட்டுருங்க.”

எழுவரும் எழுந்து பேரொளி வீசினார்கள் என்று சொன்னால் அது பொய். ஒருத்தி வாசிக்கவே இல்லை என்றாள். ஒருத்தி, “எல்லாரும்தான் டீச்சர்” என்று முடித்துக்கொண்டாள். இன்னொருத்தி, “மழை மலையில இருந்து வராது டீச்சர், கடல் பக்கமிருந்துதான் வரும், கதை தப்பு” என்று கோபமாகச் சொன்னாள். ஒருத்தி வாயே திறக்காமல் குச்சியால் தரையில் மலையை வரைந்து, மூன்று கதவும் போட்டு, மூன்றாவது கதவுக்குக் கீழே ஒரு ஆளையும் போட்டாள். ஒருத்தி சொன்னாள்: “மந்திரவாதிதான் டீச்சர். ஒரு மனுசன் சும்மா மழையைப் பூட்டுவானா? எந்த ஊருலயோ அவனுக்குத் தண்ணி இல்லேன்னு சொல்லியிருப்பாவ.” அதைக் கேட்டு இன்னொருத்தி, “ஆமாட்டி, எங்க சித்தி வீட்டுல எனக்குச் சொன்ன மாதிரி” என்றாள். கடைசிப் பெண் அழுதாள். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெயில் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தோம். முதல் முறையாக நான் தரையில் உட்கார்ந்தேன், கால் அலையவில்லை. மூன்று வருடமாக ஒரே மையக்கருத்தைப் போர்வை மாதிரி எல்லோர் மேலும் போர்த்திவந்திருக்கிறேன். உள்ளே என்னென்ன உயிர்கள் அசைந்துகொண்டிருந்தன!

மறுநாள் பெரிய சாரிடம் போய் நின்றேன். “அந்த அரைத்தாளைக் குடுங்க சார். நான் எழுதினது. தப்பா எழுதிட்டேன்.”

“பாஸாகலேன்னா?”

“நான் சொல்லிக்குடுக்கேன். பாஸாகலேன்னா செயலாளர்ட்ட நான் பதில் சொல்லுதேன் சார்.”

“வேலை போயிரும் டீச்சர். உங்களுக்கு இன்னும் நியமன ஒப்புதலே வரலை, ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. அவர் தாளை எடுத்து மேஜையில் என் பக்கமாக நகர்த்தினார்.

ஒரு வருடம் அந்த எட்டுப் பேரோடு மாலை ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்த உழைப்பின் கதை உங்களுக்கு வேண்டாம், நீங்களும் செய்வீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. எட்டில் ஆறு பேர் தேறினார்கள். தேறாத இருவரில் ஒருத்தி முத்துக்கனி. மூன்று தாள்களில் கடைசிக் கேள்விகள் வரை அவள் போகவே இல்லை. நேரம் முடிந்து தாளை வாங்கும்போதும் ஒரு வரி முடித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். அக்டோபரில் மறுபடியும் எழுதித் தேறினாள். அதைச் செயலாளர் கணக்கில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

அதற்கு முன்பே, ஜூனில் பள்ளி திறந்ததும் செயலாளரிடமிருந்து அழைப்பு வந்தது, பெரிய சாருக்கும் எனக்கும். அவருக்கு வத்தல் மண்டி. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு, அதைத் தாண்டி அவருடைய அறை. போகும் வழியெல்லாம் நான் சொல்லவேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். நெடியில் இருமல் வந்தது.

“நீங்க இங்கன இருங்க டீச்சர். கூப்பிட்டா வாங்க” என்றார் பெரிய சார். கையிலிருந்த பையை என் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்தார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு உள்ளே போனார்.

கதவு முழுதாகச் சாத்தவில்லை. செயலாளரின் குரல் மூட்டைகளைத் தாண்டி வந்தது. “நூத்துக்கு நூறு வரும்னு நாலு பேருட்ட சொல்லி வச்சிருந்தேன்வே. தேறாதுன்னு தெரிஞ்ச பிள்ளையளைப் பத்தாப்புக்கு யாரு அனுப்பச் சொன்னது?”

“நான்தான் அண்ணாச்சி.”

“அந்தக் கடம்பூர் டீச்சர்தான் பிடிவாதம் பிடிச்சதாச் சொல்லுதாவளே?”

“அவியளுக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. நான் சொன்னேன், செஞ்சாவ.”

நான் எழுந்துவிட்டேன். அறையை நோக்கி இரண்டு அடி வைத்தேன். உள்ளே குரல் ஏறியது. வயதில் பெரிய மனிதர் ஒருவர் கேட்கக் கூடாத சொற்கள். பெரிய சாரின் பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றேதான், “சரி அண்ணாச்சி”, “சரி அண்ணாச்சி”. என் கால், ஓரிடத்தில் நிற்காத கால், அங்கே வேர்விட்டு நின்றுவிட்டது. உள்ளே போயிருக்கவேண்டும். போகவில்லை. இதையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கூப்பிடவே இல்லை.

வெளியே வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. சட்டைப்பையிலிருந்த துண்டுத்தாள்களோடு கைக்குட்டையும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வத்தல் நெடி டீச்சர்” என்றார்.

தலையாட்டினேன். அவர் பெஞ்சிலிருந்த பையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் மண்டியை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தோம். நல்ல வெயில். கொஞ்ச தூரம் நடந்ததும் நின்றார்.

“போளி ஏதும் வச்சிருக்கீங்களா டீச்சர்?”

“இன்னைக்கு இல்ல சார்.”

“சரி. நாளைக்குப் பள்ளிக்கூடம் வருவீங்கல்லா, அப்பக் கொண்டாங்க.”